இயங்குதளத்தின் விற்பனைக் கணக்கை வாசிப்பது எப்படி?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓர் இயங்குதளம் இத்தனை கோடி விற்றது என்ற அறிவிப்பைக் கண்டால், அதில் எண்ணப்பட்டது எது என்பதை முதலில் பாருங்கள். கணினித் தயாரிப்பாளருக்குக் கொடுத்த உரிமமா, கடையில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் பெட்டியா, அன்றாடம் புழங்கும் கணினியா என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் பொருளே மாறிவிடும்.

2007 ஜனவரி 30 அன்று கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்துக்கு, முதல் மாதத்திலேயே 2 கோடிக்கும் மேற்பட்ட உரிமங்கள் விற்றதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தயாரிப்பாளர்களுக்கு விற்ற உரிமங்களும் அதில் அடக்கம். புதுக் கணினி வாங்கியவர்களில் பலர் விஸ்டாவைத் தேடிப் போகவில்லை. பழத்தோடு தோல் வருவதைப் போல அது கூடவே வந்தது.

அடுத்து, வாங்கிய பின் நடந்ததைப் பாருங்கள். விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளுக்கான உரிமம், அதற்கு முந்தைய விண்டோஸான எக்ஸ்பி புரொஃபெஷனலுக்குத் திரும்பிச் செல்லவும் இடம் கொடுத்தது. ஆகவே, அடிப்பக்க ஒட்டுவில்லையில் விஸ்டா என்ற பெயரும், திரையின் இடது மூலையில் எக்ஸ்பியின் பச்சை நிற ஸ்டார்ட் பொத்தானும் கொண்ட அலுவலக மடிக்கணினிகள் புழங்கின. விற்பனைக் கணக்கில் அவையும் விஸ்டாவே.

உரிம ஒப்பந்தத்தையும் விட்டுவிடாதீர்கள்; எந்தக் கணினிக்கெல்லாம் கட்டணம் என்பது அதைப் பொறுத்தது. இயங்குதளம் நிறுவப்பட்டதோ இல்லையோ, தயாரிப்பாளர் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் வாங்கும் முறையை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது, அமெரிக்க நீதித்துறையுடன் 1994இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படிதான்.

விரும்பி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று அறிய, தனிப் பெட்டிகளின் விற்பனையையும், பழைய கணினியை மேம்படுத்தியவர்களின் எண்ணிக்கையையும் தேடுங்கள். அவை வெளியிடப்படாவிட்டால், அதே காலத்தின் மொத்தக் கணினி விற்பனையை அருகில் வைத்துப் பாருங்கள்.