கணக்கு வராத பிள்ளைக்கு டியூஷன் எடுப்பது எப்படி?

எட்டாம் வகுப்புப் பிள்ளை டியூஷனுக்கு வந்தால் உடனே எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவதில் கிடக்கும். ஒரு தாளில் நான்கே கணக்கு கொடுங்கள்: 503 − 278, 7 × 8, 1/2 + 1/3, −3 − 5. மார்க் போடாமல், எப்படிப் போட்டாய் என்று மட்டும் கேளுங்கள்.

1/2 + 1/3-க்கு 2/5 என்று எழுதியிருந்தால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு மையில் அடிக்காமல், '2/5 பாதியைவிடப் பெரிதா, சிறிதா?' என்று கேளுங்கள். சிறிது என்று கண்டுபிடித்துவிடும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதிக்கும் கீழே எப்படிப் போகும்? இங்கே பிள்ளை விழிக்கும், விழிக்கட்டும், அந்த ஒரு நிமிடம் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் டியூஷனிலேயே கஷ்டமான வேலை. அப்புறம் ஒரு தாள் பட்டையை ஆறு சம பாகமாக மடிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மூன்று பாகம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பாகம், ஆக 5/6. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எல்லாம் இதற்குப் பிறகுதான்.

−3 − 5-க்கு 8 என்று வந்தால் 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற பெருக்கல் விதி இங்கே வந்து புகுந்திருக்கிறது. மூன்று ரூபாய் கடன் இருக்கும்போது மேலும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் கையில் எட்டு ரூபாயா இருக்கும் என்று கேட்டால் போதும், சிரித்துவிடுவார்கள்.

வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைக்கலாம், தப்பில்லை. ஆனால் 7 × 8 மறந்தால் 7 × 4 = 28, அதை இரட்டித்தால் 56 என்ற வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை கடைசி நேரத்தில் வந்தால் கதை வேறு. அடிப்படையிலிருந்து தொடங்க நேரமிருக்காது. தமிழ்நாடு பொதுத்தேர்வுத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35 போதும். அந்த 16-ஐ முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேலும் காம்பஸும் கையில் பழகிவிட்டால் 'எனக்குக் கணக்கே வராது' என்ற பேச்சு தானாகக் குறையும்.

'நீ புத்திசாலி' என்று பொதுவாகப் பாராட்டாமல், 'பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கியதை இன்று மறக்காமல் கழித்தாயே' என்று செய்ததைச் சொல்லுங்கள். அண்ணனின் மார்க்கை இழுக்கவே வேண்டாம், அம்மா இழுத்தாலும் தடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஐந்து கணக்குக்கு மேல் கொடுக்காதீர்கள், அதில் மூன்று ஏற்கெனவே சரியாகப் போட்ட வகையாக இருக்கட்டும்.