ஆலைக் கூரையில் மழைநீர் பிடிக்க: முதல் 2 மி.மீ. போகட்டும்

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸிலோ ஜூரோங்கிலோ 1,000 சதுர மீட்டர் தகரக் கூரை சாதாரணம். 30 மி.மீ. மழைக்கு, சிதறியது போக 27,000 லிட்டர் கிடைக்கும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் ஆகும், குடிக்க ஆகாது.

கூரை நீரை மட்டும் எடுங்கள். லாரி நிற்கும் முற்றத்து நீரில் டீசலும் பிரேக் தூளும் கலந்திருக்கும். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவுக்குக் குழாய்த் தண்ணீரே மலிவு.

1. முதல் நீரை விலக்குதல்

பறவை எச்சம், தூசி, துத்தநாகம் எல்லாம் முதல் 2 மி.மீ. மழையோடு வந்துவிடும். இந்தக் கூரைக்கு அது 2,000 லிட்டர். முதல் நீரைப் பிடித்துவைக்க வீட்டுக்கு விற்கும் நிற்குழாய் (செங்குத்தாக நிற்கும் குழாய்) இங்கே உதவாது: 300 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு 70 லிட்டர்தான் கொள்ளும். தனியாக 2,000 லிட்டர் தொட்டி வையுங்கள். அது நிரம்பியதும் மிதவைப் பந்து வாயை அடைக்க, அடுத்து வரும் நீர் சேமிப்புத் தொட்டிக்குத் திரும்பும்.

பலரும் கோட்டை விடுவது இதன் அடிவால்வில். அடைத்துக்கொண்டால் தொட்டி காலியாகாது. மறுநாள் மழையின் அழுக்கு முழுதும் நேரே உள்ளே போகும். தொட்டி நிறைந்திருக்கும்போது 10 லிட்டர் வாளி 3 நிமிடத்தில் நிரம்பும்படி வால்வைத் திறந்துவையுங்கள். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும் என்பதால் முழுதும் வடிய 20 மணி நேரம் ஆகும். வால்வுக்கு முன்னால் வலைவடிகட்டி; வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவவும்.

2. தெளியவைத்தல்

நுழைகுழாயைச் சேமிப்புத் தொட்டியின் அடிவரை இறக்கி நுனியை மேல்நோக்கி வளைத்தால் வண்டல் கலங்காது. உறிஞ்சுகுழாயை மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே தொங்கவிடுங்கள்.

3. வடிகட்டல்

முதலில் 50 மைக்ரான் வடிகட்டி (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிறகு 5 மைக்ரான், கடைசியில் கிருமி கொல்லும் புறஊதா விளக்கு. வரிசை மாறினால் கலங்கல் நீரில் விளக்கு எரிந்தும் பயனில்லை. பை வடிகட்டியே என் தேர்வு: மலிவு, மாற்றுவதும் சுலபம்.

4. குழாய்

மழைநீர் மென்மையானது, சற்றே அமிலத்தன்மையும் உண்டு. கால்வனைஸ் குழாயை அரிக்கும், பிவிசி போடுங்கள். மழையில்லா நாளுக்குக் குழாய்த் தண்ணீர் சேர்ப்பதானால், அதன் வாய் தொட்டியின் வழிவு மட்டத்துக்கு மேலே, காற்று இடைவெளியோடு இருக்கவேண்டும். நேரடி இணைப்பைச் சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் ஏற்காது.

பின்சேர்க்கை: 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்களில் மழைநீர் வடிகாலுக்குப் பாயும் வேகத்தை மட்டுப்படுத்தவேண்டும். அதற்கான தடுப்புத் தொட்டி அடுத்த மழைக்குள் காலியாகவேண்டும். சேமிப்புத் தொட்டியோ நிறைந்திருக்கவேண்டும். ஒரே கொள்ளளவை இரண்டு கணக்கிலும் காட்டமுடியாது.

வழிவுக்குழாய், காற்றுக்குழாய் வாய்களில் கொசுவலை கட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும்.