சிரோசிஸ் வந்த மனைவியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி: எங்கள் வீட்டு நடைமுறை

என் மனைவிக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போவது) என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. ரங்கூனில் தாம்வே பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மகன் பிறந்தபோது ஏற்றிய ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வந்திருக்கலாம் என்பது டாக்டரின் ஊகம். 12 வாரம் மாத்திரை சாப்பிட்டதில் வைரஸ் போய்விட்டது. இத்தனை வருஷமாக அது போட்ட தழும்பு மட்டும் போகவில்லை. (கல்லீரல் என்றதும் "குடியா?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவள் தொட்டதே இல்லை. குடியால் வந்தவர்களுக்கும் வீட்டுக் கவனிப்பு ஏறக்குறைய இதேதான். இருவருக்குமே இனி ஒரு சொட்டும் ஆகாது.)

சிரோசிஸ் என்றால் என்ன, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். ஒரு பை மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிட்டு, மறுநாள் காலை எழுந்ததும் முதலில் எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன். மருந்தளவு ஆளுக்கு ஆள் மாறும். இதில் உள்ள எண்களை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியவை

ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின். ஊசி ஓடுவது வேண்டவே வேண்டாம். குனிந்து பார்க்கிற கோணத்திலேயே அரைக் கிலோ மாறிவிடும். எண் காட்டுகிற பேட்டரி மெஷின் வாங்குங்கள், கரண்ட் போனாலும் கவலையில்லை. அப்புறம் மில்லிக் கோடு போட்ட மருந்து மூடி. எங்கள் வீட்டில் இருந்த மூன்று ஸ்பூனும் மூன்று அளவு, அதனால் ஸ்பூனை நம்பாதீர்கள். கடைசியாக ஒரு நோட்டு, ஒரு பென்சில். போனில் ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தேன். டாக்டருக்கு நம்மிடம் இருப்பது ஐந்து நிமிஷம். அதில் போனைத் தடவிக்கொண்டிருக்க முடியாது, நோட்டை நீட்டிவிடலாம்.

படி 1: காலை எடை

எழுந்து, சிறுநீர் போன பிறகு, எதுவும் சாப்பிடும் முன், தினமும் ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். சிரோசிஸில் வயிற்றில் நீர் கோக்கும். பழைய ஆட்கள் மகோதரம் என்பார்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வயிறு உப்புவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மெஷினில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பள்ளத்தில் விழுந்தேன். இந்த ஊரில் கறி வீசைக் கணக்கு, அரிசி பால்டின் கணக்கு, ஆளின் எடை பவுண்டு கணக்கு. மெஷினின் அடியில் ஒரு சின்ன பொத்தான் இருக்கிறது, அது கை பட்டுப் பவுண்டுக்கு மாறியிருந்ததைக் கவனிக்கவில்லை. எடை நூறைத் தாண்டியதும் சரிதான், பவுண்டு என்று புரிந்தது. ஆனால் "இரண்டு ஏறியிருக்கிறது" என்று டாக்டரிடம் போனில் சொன்னபோது பவுண்டு என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் இரண்டு கிலோ என்று எடுத்துக்கொண்டு, உடனே கூட்டி வாருங்கள் என்றார். உண்மையில் ஏறியது ஒரு கிலோகூட இல்லை. இப்போது பொத்தான் மேல் டேப் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

எங்களுக்குச் சொன்ன கணக்கு: ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் போன் பண்ண வேண்டும். நீர் மாத்திரையில் (ஸ்பைரோனோலாக்டோன், ஃப்ரூஸமைட்) வேகமாக இறங்குவதும் நல்லதல்ல. கால் வீக்கம் இல்லாதவர்களுக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் கிட்னி அடி வாங்கும். வீக்கம் குறையவில்லையே என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

படி 2: உப்பு

நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம் குறைவு. காலையிலேயே அளந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவுதான். டப்பா காலியானால் எலுமிச்சை, புளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி.

ஆனால் உப்பு டப்பாவில் மட்டுமா இருக்கிறது? ஙப்பி (புளிக்கவைத்த மீன், இறால் விழுது), மீன் சாறு, பலச்சாங் (வறுத்த காய்ந்த இறால் பொடி), கருவாடு, ஊறுகாய், அப்பளம், கோழிப் பவுடர், பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் உப்புக் கிடங்குதான். கோழிப் பவுடரில் உப்போடு அஜினமோட்டோவும் சேர்ந்திருக்கும், அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு. கடை மொஹிங்காவை (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) முழுசாக நிறுத்திவிட்டோம். அவளுக்கு அதுதான் பெரிய வருத்தம். வீட்டில் ஙப்பி போடாமல், மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சம்புல்லும் போட்டு ஞாயிற்றுக்கிழமை நானே வைக்கிறேன். "மொஹிங்கா மாதிரி இருக்கு" என்கிறாள். அந்த "மாதிரி"யை நான் கண்டுகொள்வதில்லை.

படி 3: சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்

"கல்லீரல் சரியில்லை, கறி மீன் முட்டை கொடுக்காதே" என்று பத்துப் பேர் சொல்வார்கள். பழைய காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள், இப்போது மாற்றிக்கொண்டுவிட்டார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான், எவ்வளவு சாப்பிட வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு பெரிதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது நீர். மேல்கையைப் பிடித்துப் பாருங்கள், சதை கரைந்திருப்பது தெரியும்.

காலையில் தெருவில் பே பியோ விற்கிற அம்மாவின் குரல் கேட்டதும் பால்கனிக் கயிற்றை இறக்குகிறோம். கயிற்று முனைக் கிளிப்பில் அவர் மாட்டிவிடுகிற அவித்த பட்டாணிதான் எங்கள் வீட்டுப் புரதத்தில் பாதி. உப்புப் போடாததாக அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ராத்திரி படுக்கும் முன் இன்னொரு சின்ன சாப்பாடு கட்டாயம். எங்கள் வீட்டில் பால் விட்டுப் பிசைந்த ஒரு கிண்ணம் சோறு. கெட்டுப்போன கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. அவர்களுக்கு ஒரு ராத்திரி வெறும் வயிறு, நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி மாதிரி. அந்த நேரத்தில் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். அதனால் விரதம் கூடாது. "என்னங்க, வெள்ளிக்கிழமைங்க, முருகனுக்கு" என்று அவள் கெஞ்சினாள். உன் பங்கு விரதத்தை நான் இருக்கிறேன் என்று சொல்லி, இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை நான்தான் பட்டினி.

படி 4: லாக்டுலோஸ் (இதை இரண்டு தடவை படியுங்கள்)

எல்லாப் படியிலும் இதில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன்.

லாக்டுலோஸ் என்பது தித்திப்பான ஒரு சிரப். கடைக்காரர் மலச்சிக்கல் மருந்து என்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன். சிரோசிஸில் அதற்கு வேறு வேலை. குடலில் உண்டாகிற அம்மோனியாவைக் கல்லீரல் சுத்தம் பண்ண முடியாமல் போனால் அது மூளைக்குப் போய்க் குழப்பம் உண்டாக்கும். டாக்டர்கள் என்செபலோபதி என்பார்கள். அந்த அம்மோனியாவைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுவதற்குத்தான் இந்த சிரப்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அவளுக்கு நாளுக்கு ஐந்தாறு தடவை போனது. வீட்டுக்கு ஆள் வருகிற நேரம், பாவம் என்று நானே சிரப்பை நிறுத்தினேன். மோஷன் நின்றது. நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி தூங்கவில்லை, பகல் முழுக்கத் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை வாசலில் சாக்பீஸோடு குந்தியிருந்தாள். முப்பது வருஷமாகத் தினமும் போடுகிற ஐந்து புள்ளிக் கோலம். புள்ளிகள் சரியாக இருந்தன. கோடு ஒரு புள்ளியைச் சுற்றி, அடுத்ததை விட்டுவிட்டு, நிலைப்படி வரை போய் நின்றிருந்தது. "என்னங்க, இது எங்க முடியும்?" என்று கேட்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் காபி போடப் போய்விட்டேன்.

மத்தியானம் சாவியை நான் ஒளித்துவிட்டேன் என்று கத்தினாள். நானும் கத்தினேன். பேசுவது நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது. சாயங்காலம் கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு கொடி ஆடுகிற மாதிரி ஆடியது. ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து, இரண்டு நாளில் தெளிந்தாள்.

இப்போது செய்வது இதுதான். மருந்தை மில்லியில் மட்டும் கணக்கு வைக்காமல் மோஷனையும் எண்ணுகிறோம். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று, இளக்கமாக. ஒன்றுதான் என்றால், டாக்டர் எழுதிக் கொடுத்த வரம்புக்குள் அடுத்த வேளை கொஞ்சம் கூட்டுகிறேன். நாலைந்து என்றால் குறைக்கிறேன், டாக்டருக்குச் சொல்கிறேன். அடியோடு நிறுத்துவதில்லை. தண்ணியாகப் போக விட்டாலும் உடம்பில் நீர் வற்றி அதே குழப்பம் வரும். இந்த வரம்பை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நோட்டில் எடை, மோஷன், தூக்கம் என்று மூன்று கட்டம். நாலாவது கட்டத்தில் அவள் தினமும் பென்சிலால் ஐந்து புள்ளிக் கோலம் போடுகிறாள். கோடு தடுமாறினால் அன்றைக்கு உஷார். கோலம் தெரியாதவர்கள் தினமும் கையெழுத்துப் போடச் சொல்லலாம்.

சிரப்பின் தித்திப்புக் குமட்டினால் எலுமிச்சைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

படி 5: வீட்டுக்குள் விடக்கூடாதவை

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும், ரத்தக் கசிவையும் உண்டாக்கும். மருந்துக் கடைகளில் உடம்பு வலிக்குக் கலந்து கட்டித் தருகிற பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொடாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால்தான், அதுவும் டாக்டரிடம் கேட்டு. எங்களுக்குச் சொன்ன உச்சம் நாளுக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலு. தூக்க மாத்திரையும் கூடாது.

நாட்டு மருந்து பற்றி என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது. மதினி கீழாநெல்லியை அரைத்து எடுத்து வந்தார். அவர் மனசு நோகாமல் வாங்கி வைத்துக்கொண்டேன், கொடுக்கவில்லை. தழும்பேறிய கல்லீரலை அது மாற்றாது. கொரோனா சமயத்தில் சீந்தில் கொடி குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி இந்திய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

படி 6: யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

ரத்த வாந்தி. தார் மாதிரி கறுத்த மலம். காய்ச்சலோடு வயிற்று வலி (கோத்த நீரில் கிருமி புகுந்திருக்கலாம்). எழுப்பினாலும் எழாத தூக்கம். காலை வரை பார்க்கலாம் என்பது இவற்றுக்குக் கிடையாது. நோட்டு, மருந்துச் சீட்டுகள், பணம் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ராத்திரியில் டாக்ஸி கிடைக்காது என்பதால் கீழ் வீட்டுத் தம்பியிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேன். மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும், அதையும் பேசி வையுங்கள்.

பின்னால் சேர்த்தது

பெகுவிலிருந்து ஒரு அம்மா, "சோடியம் குறைந்த உப்பு கடையில் இருக்கிறதே, அதைப் போடலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். முதலில் எழுதியபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவர், கணவருக்கு இரும்பு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து எழுதினார். இரும்பு மாத்திரையும் கறுப்பாக்கும்தான். ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் இருந்தால் ரத்தம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மௌல்மீனில் லாக்டுலோஸ் பத்து நாள் கிடைக்கவில்லை என்று ஒரு தம்பி சொன்னார். நாங்கள் எப்போதும் இரண்டு புட்டி கூடுதலாக வைத்திருக்கிறோம். அந்த இரண்டு போக மூன்றாவதைத் திறந்த அன்றே கடைக்குச் சொல்லிவிடுவேன், பையன் வந்து பால்கனிக் கயிற்றில் கட்டிவிட்டுப் போவான். கிளிப்பில் மாட்டினால் கனம் தாங்காமல் விழும். ஒரு புட்டி விழுந்து, படிக்கட்டு முழுக்க எறும்பு.