பேட்டரி வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

பழைய காரில் பேட்டரி அடிக்கடி டவுன் ஆகிறதா? உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை வந்தால் சரி, சார்ஜ் ஆகிறது. 13-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் ஆல்டர்னேட்டரை (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) சுற்றும் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறுதான். அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துக் கெட்டுவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு பேட்டரி விளக்கை. பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் உள்ளே காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும். சாவியைத் திருப்பியதும் அது எரியவில்லையா? பல்பு ஃபியூஸ் ஆனதாலேயே சார்ஜ் ஆகாமல் இருக்கலாம். ஒரு சின்ன பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

எர்த் வயரின் (பேட்டரி மைனஸிலிருந்து வண்டி பாடிக்குப் போகும் வயர்) இரண்டு முனைகளையும், என்ஜினை நிறுத்திவிட்டு, தேய்த்து இறுக்குங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆல்டர்னேட்டரில் ஏசியை டிசியாக மாற்றும் டையோடுகள் போய்விடலாம்.