திருப்புறம்பியம் போரை ஊரில் நாடகமாகப் போடுவது எப்படி

சோழர் வெற்றி விழா கொண்டாடத்தான் ஆசை என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவாது. கி.பி. 880 வாக்கில், கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் நடந்த சண்டை இது. ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிரே பல்லவன் அபராசிதன், கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, அவர்களோடு ஆதித்த சோழன். அன்றைக்குச் சோழன் பல்லவனுக்கு அடங்கிய சிற்றரசன்தான். களத்தில் உயிரை விட்டவன் பிருதிவிபதி. நாடகத்துக்கு அவனே நாயகன்.

பிள்ளைகளுக்குப் பாடம் முதலில், வேஷம் அப்புறம். மூன்று நிறச் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் செப்பேடு சொல்வதை மட்டும் எழுதுங்கள்: பிருதிவிபதி வரகுணனை வென்று, நண்பன் அபராசிதனுக்காக உயிர் கொடுத்தான் என்கிறது அவன் பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேடு. மஞ்சளில் ஆய்வாளர்கள் கணித்தது. 880 என்கிற ஆண்டே அப்படித்தான், 885 என்பாரும் உண்டு. சிவப்பில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் வருவது. ஆதித்தனின் அப்பா, கால் விளங்காத விஜயாலயன், இரண்டு பேர் தோளில் ஏறி வாள் சுழற்றும் காட்சிக்குப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். இருக்கட்டும், வையுங்கள். ஆனால் "இது கதாசிரியர் கைவண்ணம்" என்று கட்டியங்காரன் சபையில் சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் ஆதித்தன் வேஷம்தான் கேட்பார்கள், பாண்டியப் படைக்கு ஆளே வராது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். "நம்ம ஆளு யாரு சார்?" என்று கேட்டால், தமிழ்ப் பாண்டியன் அந்தப் பக்கம், கன்னட நாட்டுக் கங்கன் இந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர்களே யோசிக்கட்டும்.

குதிரைப் படைக்குத் தஞ்சாவூர்க்காரர்கள் வேறெங்கும் தேட வேண்டாம், பொய்க்கால் குதிரை இருக்கிறது. கட்டைக்கால் மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம். குதிரைக் கூடு போதும். மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, மைதாப் பசையில் பழைய பேப்பரை நாலைந்து அடுக்கு ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம் பூசுங்கள். இடுப்பில் படுகிற விளிம்புக்குப் பழைய வேட்டியைச் சுற்றுங்கள்; இல்லாவிட்டால் சிராய் உரசித் தோல் வழண்டுவிடும். வாளுக்குத் தென்னை மட்டை. அடிபட்டவன் குப்புற விழக் கூடாது, கூடு நெஞ்சில் குத்தும். முழங்கால் போட்டு உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டால் போதும். தவிலும் பறையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

போர் நடந்த தேதி தெரியாது என்பதால் நாள் நம் வசதிதான். விநாயகர் சதுர்த்தி மட்டும் கூடாது. அன்று இரவு திருப்புறம்பியம் கோயிலில் பிரளயம் காத்த விநாயகருக்குத் தேன் அபிஷேகம். ஊரே கோயிலில் இருக்கும், உங்களைப் பார்க்க ஆள் வராது. மாசியில் அறுத்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள், தாளுக்கு நடுவே உளுந்து நிற்கும். மிதித்தால் அங்கேயே இரண்டாவது போர் நடக்கும். பள்ளி மைதானமோ நெல்லடிக்கும் களமோ பாருங்கள். மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிருதிவிபதி விழுந்ததோடு திரை போட வேண்டாம். பிற்பாடு அதே அபராசிதனை ஆதித்தன் வீழ்த்தித் தொண்டை மண்டலத்தைப் பிடித்ததையும் கட்டியங்காரன் சொல்ல வேண்டும். "அதெப்படி?" என்று முன்வரிசைப் பெரியவர்கள் கிளம்புவார்கள். மைக்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அந்த மூன்று நிறக் கரும்பலகையை மேடைக்கு இழுத்து வந்து பிள்ளைகளைப் பதில் சொல்ல விடுங்கள்.