விளம்பரத்தில் பொய்யைத் தேடாதீர்கள்

ஒரு விளம்பரத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது, "இதில் சொல்வது உண்மையா, பொய்யா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதி விளம்பரங்கள் நம்மைத் தாண்டிப் போய்விடும். பெரிய நிறுவனங்கள் அப்பட்டமாகப் பொய் சொல்வது குறைவு. சொன்னால் வழக்கு வரும், அபராதம் வரும். உண்மையான வாக்கியத்தை வைத்தே தவறான எண்ணத்தை உண்டாக்க முடியும்போது பொய் எதற்கு?

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள் என்று ஒரு விளம்பரம் வந்தது. அந்நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2007-இல் அதற்குத் தடை போட்டது. எண் கற்பனையல்ல. மருத்துவர்களிடம் உண்மையாகவே கேட்டிருந்தார்கள். ஆனால் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசையைச் சொல்லலாம் என்பதுதான் ஏற்பாடு. போட்டி நிறுவனத்தின் பற்பசைக்கும் ஏறத்தாழ அதே அளவு ஆதரவு கிடைத்திருந்தது. படித்தவர்கள் புரிந்துகொண்டதோ "நூற்றில் எண்பது பேர் மற்றவற்றை விட்டுவிட்டு இதையே சொல்கிறார்கள்" என்று. அப்படி விளம்பரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வாசகரே எழுதிக்கொண்டார்.

இதற்கு நான் சொல்லும் பயிற்சி எளியது. விளம்பரம் முடிந்ததும் உங்கள் மனதில் நின்றதை ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு அந்த வரியை விளம்பரத்துக்குள் தேடுங்கள். பெரும்பாலும் அகப்படாது. "90 சதவீதம் வரை குறைக்கிறது" என்று இருக்கும். அந்த 'வரை'க்குள் ஐந்து சதவீதமும் அடங்கும். "இருமடங்கு வெண்மை" என்று இருக்கும். எதைவிட இருமடங்கு என்பது இருக்காது. "கிருமிகளை எதிர்த்துப் போராடுகிறது" என்று இருக்கும். போராட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த தவறு படித்தவர்களிடம்தான் அதிகம்: "எனக்கெல்லாம் இது பலிக்காது, பாவம், மற்றவர்கள்தான் ஏமாறுகிறார்கள்." இப்படி நினைப்பது மனிதர்களுக்குப் பொதுவான பழக்கம் என்று டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஊடகச் செய்தி நம்மைவிட அடுத்தவரையே அதிகம் பாதிக்கும் என்று ஆளாளுக்கு நினைக்கிறோம். எல்லோரும் அப்படி நினைத்தால் கணக்கு எங்கேயோ இடிக்கிறதல்லவா?

எச்சரிக்கையாக இருப்பதால் மட்டும் தப்பிவிட முடியாது என்பதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் உத்தியே நல்ல உதாரணம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். லின் ஹேஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டோப்பினோ ஆகிய மூவரும் 1977-இல் அதைச் சோதனையாகவே செய்தார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கல்லூரி மாணவர்களிடம் சில கூற்றுகளைக் கொடுத்து, எது எந்த அளவுக்கு உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். முன்பே கேட்டிருந்த கூற்றுகள் ஒவ்வொரு முறையும் கூடுதலாக உண்மை போலத் தோன்றின, அவை பொய்யாக இருந்தாலும். ஆகவே ஒரு மோசமான விளம்பரத்தைக் கேலி செய்வதாக நினைத்து அதே வாசகத்தோடு நாலு பேருக்கு அனுப்புவது, அந்த நிறுவனத்துக்குச் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பது. கண்டிக்க வேண்டுமென்றால் உண்மை எதுவோ அதை முன்னால் வைத்துப் பேசுங்கள்; அவர்களுடைய வாசகத்தை ஒரு முறைக்கு மேல் சொல்லாதீர்கள்.

ஆழ்மனத்தைக் குறிவைக்கும் மறைமுகச் செய்திகளைப் பற்றிய பயமும் இங்கே சேரும். ஜேம்ஸ் விகாரி என்ற சந்தை ஆய்வாளர் 1957-இல், ஒரு திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகங்களைக் காட்டி விற்பனையைப் பெருக்கியதாக அறிவித்தார். உலகமே பதறியது. 1962-இல் அவரே அது வெறும் விளம்பர வித்தை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கதை சாகவில்லை. சின்னத்துக்குள் ஒளிந்திருக்கும் உருவத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவர், கண்ணெதிரே பெரிய எழுத்தில் நிற்கும் "இன்று மட்டும்" என்பதைக் கோட்டைவிடுகிறார்.

உத்திகளின் பெயர்களை மனப்பாடம் செய்தால் போதும் என்ற நம்பிக்கை வேறு வகை. 1937-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரச்சார ஆய்வுக் கழகம் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டது. முத்திரை குத்துவது, பளபளப்பான பொதுச்சொற்கள், ஒன்றின் மதிப்பை இன்னொன்றின் மேல் ஏற்றுவது, பிரபலங்களின் நற்சான்று, "நானும் உங்களைப் போல் சாதாரண ஆள்தான்" என்பது, சாதகமானதை மட்டும் அடுக்குவது, எல்லோரும் இந்தப் பக்கம் என்பது. பயனுள்ள பட்டியல்தான், இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் "ஆ, இது நற்சான்று உத்தி!" என்று பெயர் சொல்லிவிட்டால் அந்தக் கூற்று பொய்யாகிவிடாது. தடுப்பூசி விளம்பரத்திலும் மருத்துவர் வந்து பேசுகிறார், நோயைக் காட்டிப் பயமுறுத்துகிறார். உத்தி வேறு, உண்மை வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். எல்லாமே பிரச்சாரம் என்று கைகழுவுகிறவரும், எல்லாவற்றையும் நம்புகிறவரைப் போலவே எதையும் சோதிப்பதில்லை.

விளம்பரம் என்று பெயர் போட்ட இடத்தில் மட்டுமே விளம்பரம் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. 1929-இல் ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சில பெண்கள் வெளிப்படையாகச் சிகரெட் பற்றவைத்தார்கள். பத்திரிகைகள் அதைப் பெண் விடுதலைச் செய்தியாக வெளியிட்டன. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள் தொடர்பு நிபுணர், உளவியல் மேதை சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகன். பணம் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துடையது. இன்று தன் அறையிலிருந்து வெகு இயல்பாகப் பேசி ஒரு பொருளைப் புகழும் காணொளிக்காரரும் அதே வம்சம். "இதில் யாருக்கு லாபம்?" என்ற கேள்வியைச் செய்தியிடமும் கேட்கலாம், நண்பனைப் போலப் பேசுகிறவரிடமும் கேட்கலாம்.

கடைசியாக, மறுப்பு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்ற எண்ணம். லிஸ்டரின் வாய்க்கழுவி சளியைத் தடுக்க உதவும் என்று 1921 முதல் அமெரிக்காவில் விளம்பரம் செய்துவந்தார்கள். 1975-இல் அந்நாட்டின் வர்த்தக ஆணையம், சளியையோ தொண்டை வலியையோ தடுக்க உதவாது, அவற்றின் கடுமையைக் குறைக்காது என்று அடுத்து வரும் ஏறத்தாழ 1 கோடி டாலர் மதிப்புள்ள விளம்பரங்களில் சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. "எங்கள் முந்தைய விளம்பரங்களுக்கு மாறாக" என்ற சொற்களும் அந்த உத்தரவில் இருந்தன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவை உறுதிசெய்தது. அந்தச் சொற்களை மட்டும் நீக்கிவிட்டது. பிறகு வந்த விளம்பரத்தில் நிறுவனம் அந்த மறுப்பை "சளியைத் தடுக்க உதவாது என்றாலும்" என்ற தொனியில் வாக்கியத்தின் முன்பாதியில் செருகி, பின்பாதியில் வாய் நாற்றத்தைப் போக்குவதில் தன் பொருளே மேல் என்று முடித்தது.