படத்தில் ஆரஞ்சு, தொட்டியில் பழுப்பு

சிங்கப்பூரில் என் கடல்நீர்த் தொட்டிக்காக இணையம் வழியாக ஓர் ஏகன் (acan) பவளம் வாங்கினேன்; சதைப்பற்றுள்ள, உயிருள்ள கல்பவள வகை அது. (இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே பவளப்பாறை வளர்க்கும் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன, வாங்கக் கூடாது.) படத்தில் தீக்கங்கு ஆரஞ்சு, நடுவில் பச்சை. தொட்டியில் வைத்தால் வெறும் செங்கல் பழுப்பு.

தண்ணீரில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆல்கலினிட்டி (காரத்தன்மை அளவு) 8.4 டிகேஎச், நைட்ரேட் 10 பிபிஎம். இரண்டும் சரி. இருந்தும் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். அப்புறம் வெளிச்சம் போதவில்லையோ என்று மேல் தட்டுக்கு ஏற்றினேன். ஏகனுக்கு மிதமான வெளிச்சமே போதும், சதை சுருங்கிவிட்டது. திரும்ப மணலுக்கே இறக்கினேன். இப்படியே ஒன்பது நாள் போனது.

பத்தாம் நாள் இரவு எல்இடியில் வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் விட்டேன். கைப்பேசி லென்சின் முன் ஆரஞ்சு ஃபில்டர் பிடித்தேன். திரையில் அதே படம்! பவளத்தின் ஒளிரும் புரதங்கள் 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி விடுகின்றன. மிச்ச நீலத்தை ஃபில்டர் தடுத்துவிடுகிறது.

விற்பனைப் படத்தை மறுபடி பெரிதாக்கி, பவளத்தை விட்டுவிட்டு அது ஒட்டியிருந்த பீங்கான் பிளக்கை, அதாவது அடியில் இருக்கும் சிறு தாங்கியைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டியது இருண்ட சாம்பலாகக் கிடந்தது. அதுவும் நீல விளக்கில் ஃபில்டர் வைத்து எடுத்த படம்தான்.

இப்போது வெள்ளை விளக்கில், பிளக் முழுதும் தெரியும் படம் கேட்கிறேன். பிளக் வெள்ளையாக இருந்தாலும் அதன் விளிம்பில் படிந்த கொரலின் பாசியைப் பார்க்க வேண்டும். அது மங்கிய இளஞ்சிவப்பாக இல்லாமல் நியான் போலப் பளிச்சிட்டால், நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்து வாங்கிய சிவப்பு ஏகன், படத்தில் கண்ட அதே சிவப்பில் மணலில் உட்கார்ந்திருக்கிறது.